வேலி தாண்டிய கிடா

முட்டுச்சண்டை சொல்லிக்கொடுக்கும் பட்டியிலிருந்து ஒரு கிடா வேலி தாண்டி ஓடிவந்துவிட்டது.

அந்தப் பட்டிக்குக் கிழட்டுக் கிடா ஒருவர்தான் ஆசான். அவர் முன்னால் மண்டியிட்டு, அவர் "ம்" என்று சொன்ன பிறகுதான் யாரும் தின்னலாம், குடிக்கலாம், தூங்கலாம். பெற்ற தாயிடம் பேசுவதற்கும் அந்த "ம்" வேண்டும். விட்டுப் போகிறவனுக்குக் கொம்பு உதிர்ந்துவிடும் என்பார் ஆசான்.

ஓடிவந்த கிடா தன் கொம்பை மரத்தில் உரசி உரசிப் பார்த்தது. உதிரவில்லை. அதுவே அதற்குக் குழப்பமாக இருந்தது.

எதிரே அறுகம்புல் செழித்துக் கிடந்தது. பசியில் உயிர் போனது. ஆனாலும் கிடா வாய் வைக்காமல் நின்றது.

பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கழுதை, "என்னப்பா, புல்லையே மொறைச்சுக்கிட்டு நிக்கிற? தின்னு" என்றது.

சொன்னதுதான் தாமதம், கிடா பாய்ந்து தின்றது. வயிறு புடைத்தது, மூச்சு வாங்கியது. அப்போதும் நிறுத்தவில்லை.

"யோவ், வயிறு வெடிச்சுச் செத்துடுவே! போதும், நிறுத்து!" என்று கத்தியது கழுதை.

உடனே நிறுத்திய கிடா, கழுதை முன்னால் மண்டியிட்டது. "ஐயா, ஒரே குழப்பமா இருக்கு. நான் அங்கிருந்து வெளிய வந்துட்டேனா, இல்லையா? நீங்கதான் சொல்லணும்."

கழுதை திகைத்துப்போனது. சுமை ஏற்றத்தான் எல்லோரும் அதைத் தேடியிருக்கிறார்கள், யாரும் மண்டியிட்டதில்லை. அது சுற்றுமுற்றும் பார்த்தது. காதுகளை மெல்ல நிமிர்த்திக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் குனி" என்றது. "அப்புறம் சொல்றேன்."