ஊதாவுக்கு அப்புறம்

"ஊதா ஆயிடுச்சுன்னா அந்த வண்டியைத் தலைமுழுகிடு. திரும்பிக்கூடப் பார்க்காதே!" போனில் கணவன் கத்தினான்.

"அதெல்லாம் இருக்கட்டும். என்னோட ஒரிஜினல் சர்டிபிகேட் எங்கே?"

"என் மடியில பத்திரமா தூங்குது."

"நீங்க எங்கே?"

"வண்டியிலதான். இன்னும் மூணே ஸ்டேஷன். ஏதோ எக்ஸ்பிரஸுக்கு வழிவிடணுமாம், ஓரமா நிறுத்தி வெச்சிருக்கான்."

அவளுக்கு இன்று ரயில் கட்டுப்பாட்டு அறை வேலைக்குத் தேர்வு. பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழைக் காட்டாவிட்டால் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் செல்லாது. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அக்கா வீட்டில் தங்கிப் போகலாம் என்று நேற்றே கிளம்பி வந்தவள், பாதிக் குடித்தனத்தையே பெட்டியில் அடைத்துக்கொண்டு ஃபைலை மட்டும் மேஜையில் விட்டுவிட்டாள்.

"பன்னிரண்டுக்குள்ள வந்துடுவீங்கல்ல?"

"மணி பத்துகூட ஆகலை! நான் நடந்து வந்தாகூட வந்துடுவேன். நீ பரீட்சையைக் கவனி. நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

இல்லாமலா? சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம் அது. ரயில் சிக்னல் விளையாட்டுதான் கணவனுக்குப் பிழைப்பு. முதலில் பொழுதுபோக்காக ஆடினான். வேலைக்கான தேர்வையே அந்த விளையாட்டில்தான் வைக்கிறார்கள் என்றதும், வீட்டு முன்னறையில் ஆறு கணினி போட்டுப் பயிற்சி வகுப்பு தொடங்கிவிட்டான்.

திரையில் ஒவ்வொரு வண்டியும் ஒரு கோடு. நேரத்துக்கு ஓடினால் பச்சை. ஐந்து நிமிடம் தாமதித்தால் மஞ்சள், பதினைந்தில் சிவப்பு, அரைமணியில் ஊதா. நிறம் மாறும்போதெல்லாம் மதிப்பெண் குறையும். ஊதாவுக்கு அப்புறம் நிறமே கிடையாது.

"அரைமணி லேட்டும் ஊதாதான், அரைநாள் லேட்டும் ஊதாதான். கடையில மாதிரி, போகாத சரக்கை மூலையில தள்ளிட்டு, போற சரக்கைக் கவனி" என்பது அவனுடைய தொழில் ரகசியம். வகுப்புக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்த பிறகும் அதை ரகசியம் என்றுதான் சொல்வான்.

பத்து மணிக்குப் போனை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள்.

முதல் அரைமணி எல்லாம் பச்சை. பிறகு ஒரு சரக்கு வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டது. மளமளவென்று மஞ்சள். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கிய பாசஞ்சர் ஒன்று சிவந்து, ஊதாவாகிவிட்டது. அதை ஓடவிட்டால் பின்னால் வரும் இரண்டு எக்ஸ்பிரஸ்கள் சிவக்கும்.

கணவன் சொன்னபடியே தலைமுழுகினாள்.

அதற்குப் பிறகு மஞ்சள் கோடுகளெல்லாம் ஒவ்வொன்றாகப் பச்சையாயின; அந்த ஊதாக் கோட்டின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. உள்ளே ஆட்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவள் வம்சத்தையே திட்டித் தீர்த்திருப்பார்கள். நல்லவேளை, விளையாட்டு ரயிலில் யாரும் ஏறுவதில்லை.

பதினொன்றரைக்கு மணி அடித்தது. தேர்வு அதிகாரி அவள் திரையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"ஒரே ஒரு ஊதா, மத்ததெல்லாம் பச்சை! நீங்கதாம்மா முதல். சர்டிபிகேட்டைக் கொண்டாங்க, முடிச்சிடலாம்."

வாசலுக்கு ஓடிப் போனை வாங்கினாள்.

"எங்கே இருக்கீங்க?"

"அதே இடத்துலதான்."

"இன்னுமா!"

"ஆறு வண்டி எங்களைத் தாண்டிப் போயிடுச்சு. வெளியில புல் மேய்ஞ்ச மாடுகூட வயிறு ரொம்பி வீட்டுக்குப் போயிடுச்சு."

"ஜோக்கடிக்கிற நேரமாங்க இது? இறங்கி ஏதாவது டாக்சி பிடிங்க!"

"இந்த ஸ்டேஷன்ல சைக்கிள்கூட இல்லை. இரு, ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

மணி பதினொன்று நாற்பது. திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே அதிகாரி எழுந்துவிட்டார். அவள் திக்கித்திணறி விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்குப் போயா அழறீங்க? அங்கேயிருந்து பத்து நிமிஷ ஓட்டம். கன்ட்ரோல் ரூம்ல சொல்லி விடச் சொல்றேன்."

மேஜைப் போனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் ஓர் இளைஞனின் உற்சாகக் குரல்.

"அந்தப் பாசஞ்சரா சார்? இப்ப விட முடியாது. பின்னாடி ரெண்டு எக்ஸ்பிரஸ் வருது, ரெண்டும் பச்சை. இதை விட்டா அது ரெண்டும் சிவந்துடும்."

"அதுக்காக ரெண்டு மணி நேரமாவா நிறுத்துவே?"

"அது காலையிலயே ஊதா ஆயிடுச்சு சார். ஊதாவுக்கு அப்புறம் ஏது நிறம்? தலைமுழுகிடணும்! பன்னிரண்டரைக்கு மேல பார்க்கலாம்."

தொடர்பு அறுந்தது. அதிகாரி அவளைப் பார்க்காமல் ரிசீவரை வைத்தார். "போன வருஷம் இவன்தாம்மா முதல். அன்னிக்கும் ஒரே ஒரு ஊதாதான்."

அவள் கையிலிருந்த போன் சிணுங்கியது. கணவன் அனுப்பிய செய்தி:

"ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டுட்டேன். இனிமே கவலையே இல்லை. இன்னிக்குக் கன்ட்ரோல்ல இருக்கிறது என் சிஷ்யன்தானாம்!"