டெல்வினின் கைப்பட்டை

பகல் பன்னிரண்டுக்குள் வீட்டுக் கருவிகளையெல்லாம் இயக்கும் சர்வர் கணினிக்கு, கர்னல் என்னும் அடிப்படை நிரலைப் புதிதாகக் கட்டி ஏற்றியாக வேண்டும். மின்வாரியம் அனுமதித்த அளவை அது மீறினால் வீட்டுக்கே மின்சாரம் நின்றுவிடும். ஜெசிந்தா மூன்று முறை கட்டிப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் கொஞ்சம் கூடுதல்.

கருவிக்கு ஒன்றாக அதில் சேர்க்கும் டிரைவர் நிரல்களின் பட்டியலில் ஒன்றே ஒன்று சிவப்பாக நின்றது. பதின்மூன்று மாதமாக யாரும் பயன்படுத்தாதது. மகன் டெல்வினின் கைப்பட்டைக்கானது. அது கர்னலில் இருந்தால்தான் வாசல் கதவு அவனுக்குத் திறக்கும்.

"அதத் தூக்கிரு ஜெசி. சண்ட போட்டுட்டுப் போனவன் வரவா போறான்?" என்றார் கணவர் ராயப்பன், அவள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே.

"வந்தா?"

"வந்தா பெல் அடிக்கட்டும்."

"பெல் அடிச்சி நிக்கிற பிள்ளையா அவன்? அப்படியே திரும்பிப் போயிருவான்."

மணி பதினொன்று ஐம்பது. அவள் வேறு எதையோ நீக்கிவிட்டு நான்காவது முறை கட்டினாள். சர்வர் அணைந்து எழுந்தது. அளவு சரியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சித்திரை வெயில் கூடத்துக்குள் இறங்கியது.

"ஏசி ஓடலையே?"

"அதுக்கு இப்ப டிரைவர் இல்ல."

மகனின் கைப்பட்டைக்காக வாசல் கதவுப் பூட்டில் இன்னும் எரிந்த பச்சை விளக்கை ராயப்பன் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, அதன் அருகிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.