அம்மனின் பதினொரு பவுண்

கடன் அறவிடும் அலுவலகத்துக் கந்தோர்க்காரி சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாமல் மணியை அடித்தாள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். பறிக்க வருகிறவளுக்கு இந்த மரியாதை ஒன்றுதான் குறைச்சல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

நான்கு வருட வரிப் பாக்கி. சுவிசில் நாங்கள் இருக்கும் துன் நகரத்துக்கும், கந்தோன் என்கிற மாநிலத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டியது. கட்டாமல் விட்டவன் நான். வந்த கடிதங்களை உடைக்காமலே என் மனைவி வதனியின் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தவனும் நான்தான். ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறவனுக்கு ஜேர்மன் கடிதம் வாசிக்கப் பொறுமை வருமா, சொல்லுங்கள்.

போன கிழமை பதிவுத் தபால் வந்தது. வீட்டிலுள்ள பெறுமதியான பொருள்களைப் பறிமுதலுக்காக எழுத ஆள் வரும் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் வதனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதும் விட்டேன். அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றாள்.

எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய தாலிக்கொடி. பதினொரு பவுண். காரை எடுக்கட்டும், டீவியை எடுக்கட்டும். நான் கட்டிய கொடியை ஒரு வெள்ளைக்காரி எழுதிக் கொண்டுபோனால் அதற்குப் பிறகு நான் என்ன மனிசன்? அதை விற்று வரியைக் கட்டலாமே என்பீர்கள். தாலிக்கொடியை விற்றுத் தின்கிற ஆள் நான் இல்லை.

காலையிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன், கழற்றி அரிசி வாளிக்குள் தாட்டுவிடும் என்று.

"கழுத்தில இல்லை. நீங்கள் யோசியாதேங்கோ," என்றாள் அவள். சரி, எங்கேயோ பத்திரமாக ஒளித்துவிட்டாள் என்று இருந்துவிட்டேன்.

கந்தோர்க்காரி ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். டீவி பழசு, வேண்டாம் என்றாள். சோபாவை எடுக்க மாட்டோம் என்றாள். காரை மட்டும் எழுதிக்கொண்டாள். பிறகு படுக்கையறைக்கு வந்து, அலுமாரிக்குள் என்ன என்று கேட்டாள்.

வதனியே கதவைத் திறந்துவிட்டாள்.

மேல்தட்டில் சாமிப் படங்கள். அந்தத் தட்டுப் பக்கம் நான் போவதில்லை. விளக்கு வைப்பதும் பூ வைப்பதும் அவள் பாடு. நடுவில் நாகபூசணி அம்மன் படம். அந்தப் படத்தில் மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது பதினொரு பவுண் கொடி.

அட கடவுளே, கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறாளே!

இது பொன்னா என்று கேட்டாள் கந்தோர்க்காரி. ஓம் என்றாள் வதனி. யாருடையது? அம்மனுடையது. முதியோர் இல்லத்தில் வேலை செய்து பழகிய ஜேர்மன், தடக்கமே இல்லாமல் வந்தது.

எப்போதிருந்து இது இங்கே இருக்கிறது?

"ஜூலை தொடக்கத்திலிருந்து," என்றாள் வதனி. "எங்கள் ஊரில் தேர்த் திருவிழா நடந்த நாள்."

கந்தோர்க்காரி கிட்டக் குனிந்து பார்த்தாள். நாளாந்தம் வைத்த குங்குமம் கொடியின் ஒரு பக்கத்தில் அப்பிக் காய்ந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. வழிபாட்டுப் பொருளை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள்.

எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. இருபத்தாறு வருடமாக இவளை வாயில்லாப் பூச்சி என்றல்லவா நினைத்திருந்தேன்! பொய் சொன்னாலும் இப்படியல்லவா சொல்லவேண்டும், நாளோடு, கிழமையோடு, குங்குமத்தோடு.

கந்தோர்க்காரி கையெழுத்து வாங்கினாள். மாதாமாதம் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று விளங்கப்படுத்தினாள். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு நான் அறைக்கு ஓடினேன்.

"கெட்டிக்காரி! என்ன மூளையப்பா உமக்கு! சரி, இனி எடுத்துப் போடும்."

வதனி கட்டில் விளிம்பில் இருந்தாள். எழும்பவில்லை.

"நான் அவவுக்குப் பொய் சொல்லேல்லை," என்றாள்.

அப்போதுதான் அவளுடைய கழுத்தைப் பார்த்தேன். வேலைச் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. ஒரு மஞ்சள் கயிறுகூட இல்லை. ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

தேரன்று படையலுக்குப் பெரிய பானை எடுக்கக் கீழே நிலவறைக்குப் போயிருக்கிறாள். அங்கே என் கடிதக்கட்டு கையில் அகப்பட்டிருக்கிறது. உறையையும் திகதியையும் பார்த்ததிலேயே எல்லாம் விளங்கிவிட்டதாம். இருந்தபடியே அதை வைத்துவிட்டு மேலே வந்து, கொடியைக் கழற்றி அம்மனுக்குச் சாத்தியிருக்கிறாள்.

"அப்ப ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபமே இல்லை. தன் பராமரிப்பில் இருக்கும் முதியவர்களோடு கதைப்பதுபோல ஆறுதலாகக் கதைத்தாள்.

"நீங்களாச் சொல்லுற அண்டைக்குக் கொடியை எடுத்துப் போடுவம் எண்டு ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான்," என்றாள். "நீங்கள் தபால் வந்தாப் பிறகுதானே சொன்னனீங்கள்."