நகக்கண்ணில் வெள்ளி

பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பொடி சலிக்கிற பாண்டிமீனா, மூச்சு இழுத்துக்கொண்டு டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் அவள் விரல்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்.

"கையக் கழுவிட்டு வரக்கூடாதா?"

"கழுவிட்டுத்தான் சார் வந்தேன். இது போகாது."

குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்ததில் தோல்தான் சிவந்திருக்கிறது. நகக்கண்ணெல்லாம் வெள்ளி மினுங்குகிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலேயே தொங்கவிட்டு, இடது கையில் வடையைக் கடித்தபடி மாத்திரை எழுதுகிறார்.

"நெஞ்ச ஒருக்கா வச்சுப் பாருங்க சார். படுத்தா மூச்சு நிக்குது."

"அடுத்த ஆளு."

எண்ணெய்க் கறை படிந்த சீட்டை நுனியில் பிடித்து நீட்டுகிறார். வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாள். வாசலில், அவளோடு பொடி சலிக்கிற ஒச்சப்பன் அடுத்து உள்ளே போகத் தன் வெள்ளிக் கைகளை அவசரமாக வேட்டியில் தேய்க்கிறார்.

"தேய்க்காதீகண்ணே," என்கிறாள். "எப்படியும் தொடமாட்டாரு."