கயிறு பிடிக்க ஆள்

"ஏலே இனிகோ, நான் முங்கிட்டு வந்துட்டேன். அடுத்த ஆளு நீதான். கழட்டுலே அந்தப் பெல்பாட்டத்தை!"

வள்ளத்தின் விளிம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு வில்பிரட் கத்தினான். கப்பலில் வேலை பார்ப்பவன். லீவில் வரும்போது சிங்கப்பூரிலிருந்து காற்று சிலிண்டர், கண்ணாடி முகமூடி, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு என்று ஒரு பெட்டி நிறையச் சாமான் கொண்டுவந்திருந்தான்.

இனிகோ கடலைப் பார்த்தான். கடலும் அவனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

காலையில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியவர்கள் வான்தீவில் இறங்கிக் குளித்து, காசுவாரித் தீவில் மீன் சுட்டுத் தின்று, இப்போது காரைச்சல்லித் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தார்கள். தீவு தீவாகப் போகிறவரைக்கும் இனிகோவுக்குக் கொண்டாட்டம்தான். தீவில் மண் இருக்கிறது. மண்ணின் மேல் நிற்கும்போது இனிகோவைப் போல ஒரு வீரன் கிடையாது.

விஷயம் இதுதான்: புதுத் துறைமுகத்தில் டைப் அடிக்கும் இனிகோவுக்கு நீச்சல் தெரியாது. அதை வெளியில் சொல்ல முடியுமா? 'முத்துக்குளிக்கிறது எங்க ரத்தத்துலயே ஊறுனதுலே' என்று டீக்கடை பெஞ்சில் வருஷக்கணக்காக அளந்தவன் அவன். ஊரில் பாதிப்பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது குதித்தால் உயிர் போகும். குதிக்காவிட்டால் மானம் போகும்.

"சாப்பிட்ட உடனே முங்கக் கூடாதுல்லா..." என்று ஆரம்பித்தான்.

"தின்னதெல்லாம் எப்பவோ செரிச்சிருக்கும்" என்றான் ரோச். வள்ளம் ரோச்சுடையது. பயணத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டதும் அவன்தான். ரோச் கூப்பிட்டால் இனிகோவால் மறுக்க முடியாது. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். ரோச்சும் காலையிலிருந்து மீனில் நல்ல துண்டாகப் பார்த்து இனிகோவின் இலையிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

"எனக்குக் காது வலிக்கி."

"இவ்வளவு நேரம் டிரான்சிஸ்டரைக் காதுலயே வச்சு அமுக்கிக்கிட்டு வந்தியே, அப்ப வலிக்கலையா?" என்று கேட்டான் பொன்னுதுரை. நாலாவது ஆள் அவன். ஊர்க்கதை பரப்புவதில் ரேடியோவையே தோற்கடிப்பவன். "பயந்துட்டான்லே! நாளைக்கு டீக்கடையில இருக்கு இவனுக்கு."

"பயமா? எனக்கா?" என்று துள்ளி எழுந்தான் இனிகோ. அப்போதுதான் வள்ளத்தில் சுருண்டு கிடந்த கயிறு கண்ணில் பட்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"வில்பிரட், முங்குற ஆளுக்குக் கயிறு கட்டணுமா, வேண்டாமா?"

"எனக்குப் பழக்கம். உன்னை மாதிரி புதுசா இறங்குற ஆளைக் கயிறு கட்டாம விடமாட்டேன்."

"அந்தக் கயித்தை மேல இருந்து யாரு பிடிக்கணும்? நம்ம வழக்கம் என்ன?" பாய்மரத்தை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேடையில் நிற்பவனைப்போல் மறு கையை வீசினான். "மச்சான்தான் பிடிக்கணும். பொண்டாட்டி கூடப் பொறந்தவன். ஏன்? கயித்தை விட்டா அவன் தங்கச்சிதான தாலி அறுக்கணும்? அதனால என்ன ஆனாலும் விடமாட்டான். மத்தவன் பிடிச்சா, கை வலிச்சதும் விட்டுட்டு பீடி பத்தவைப்பான். பெரியவங்க தெரியாமலா வச்சாங்க?"

"சரி, அதுக்கு?"

"அதுக்கா? எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே. மச்சானுக்கு எங்கன போவேன்? உயிர் பெருசில்லலே எனக்கு, வழக்கம்தான் பெருசு."

வருஷத்துக்கு ஒரு தடவை மாதா கோயில் பூசைக்குப் போகிறவன், அதிலும் பாதியில் சிகரெட் குடிக்க வெளியே வந்துவிடுகிறவன், முன்னோர் வழக்கத்துக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்றான். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

வில்பிரட் தலையில் அடித்துக்கொண்டான். "கடலுக்கு நடுவுல வந்து என்ன நியாயம் பேசுதான் பாரு!"

"அப்ப முதல்ல இவனுக்கு ஒரு பொண்ணு பாக்கணும்லே" என்றான் பொன்னுதுரை.

"பாருங்கலே, நல்லாப் பாருங்க!" இனிகோவுக்கு இப்போது தைரியம் தலைக்கேறிவிட்டது. "மச்சான்னு ஒருத்தன் இங்கன வந்து கயித்தைப் பிடிக்கட்டும், அடுத்த நிமிஷம் குதிக்கேன். சங்கென்ன, முத்தே எடுத்துட்டு வாரேன்!"

"சத்தியமா?" என்று கேட்டான் ரோச்.

"பனிமய மாதா மேல சத்தியம்!"

ரோச் எழுந்து வந்தான். கயிற்றின் ஒரு நுனியை இனிகோவின் இடுப்பில் இறுக்கிக் கட்டினான். மறு நுனியைத் தன் கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டான்.

"ஏலே ரோச், இவ்வளவு நேரம் கத்துனது காதுல விழலையா? மச்சான்தான் பிடிக்கணும்!"

"அதான் நான் பிடிக்கேன்." ரோச் குரலை உயர்த்தவில்லை. "கோயில்ல கல்யாண ஓலை வாசிக்காம, வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாம, பாளையங்கோட்டை ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டு எங்க இசபெல்லாவைக் கட்டிட்டீங்களாமே! தங்கச்சி போன வாரம் அழுதுக்கிட்டே சொன்னா. அதுக்குத்தான் இந்தத் தீவுப் பயணமே. குதிங்க மாப்ள!"

ரோச்சின் முகத்தை ஒரு தடவை பார்த்த இனிகோ, சிலிண்டரைக்கூட மாட்டாமல், யாரும் தள்ளாமலே கடலில் குதித்தான்.