குடிலின் பத்து நன்மைகள்

திருச்சி வயலூர் சாலை வட்டாரத்தின் பாகற்காய் வரலாற்றில் வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு திருப்புமுனை என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது.

அறிவித்தவர் அந்தப் பாகல் கொடியின் சொந்தக்காரரேதான்.

மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் மூன்று முறை. மூன்றாவது முறை பூங்கொத்துப் படத்தோடு.

காலை பத்து மணி. மொட்டை மாடி. பசுமைக்குடில் திறப்பு. முதல் அறுவடை. குடிலின் பத்து நன்மைகள் பற்றிச் சிற்றுரை.

இப்போது ஞாயிறு. மணி ஆறு.

அவர் குடிலுக்குள் நின்றுகொண்டிருந்தார்.

கொடியைக் குறை சொல்ல முடியாது. பந்தல் தெரியாமல் படர்ந்திருந்தது. பூவைப் பார்த்தால் கல்யாண வீடு.

காய் இல்லை.

பெண்பூ ஒவ்வொன்றின் பின்னாலும் நகக்கண் அளவு பிஞ்சு எட்டிப் பார்க்கும். நாலாம் நாள் மஞ்சளாகும். ஐந்தாம் நாள் தரையில் கிடக்கும். மூன்று வாரமாக இதே கதை. நாளைக்குக் காய்த்துவிடும் என்று அவரும் தினம் நம்பினார். நேற்று வரை நம்பினார்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம். செயற்பொறியாளராக இருந்தபோது அவர் தொண்டையைச் செருமினாலே முப்பது பேனா திறக்கும். இப்போது கேபிள்காரர்கூட அவர் வாக்கியம் முடிகிற வரை நிற்பதில்லை.

பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். நோட்டுப் புத்தகத்தோடு வரச் சொல்லியிருந்தார்.

குடிலை அவரே வரைந்தார். பக்கத்தில் நின்று அவரே கட்டுவித்தார். இரும்புக் குழாய். இருநூறு மைக்ரான் பாலித்தீன் கூரை. நாலு பக்கமும் பூச்சிவலை. வாசலுக்கு இரட்டைக் கதவு. காவிரிக்குப் பாலம் கட்டுகிற கணக்கில் கட்டியாயிற்று.

திருச்சியில், அதுவும் கோடை வருகிற நேரத்தில், வெயிலைப் பிடித்து உள்ளே சேர்த்து வைக்கிற ஏற்பாடு எதற்கு என்று வெல்டிங்காரர் கேட்டார். அவர் புன்னகைத்தார்.

மனைவி திலகவதி காபியோடு படியேறி வந்தாள். முப்பத்தோரு வருடமாக அவருடைய உரைகளைத் தனியாகக் கேட்டு வருபவள். கொடியைப் பார்த்தாள். உதிர்ந்த பிஞ்சைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள்.

"ஈ எறும்பு நுழையாதுன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. தேனீ மட்டும் உங்ககிட்ட பாஸ் வாங்கிட்டா வரும்?"

அவர் காபியைக் குடித்தார்.

காபி சூடாக இருந்தது. அதை மட்டும் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தார். பந்தலுக்குப் பின்னால், கடைசி மூலையில், அவருடைய பழைய எட்டு முழ வேட்டி விரிந்து கிடந்தது. அதன்மேல் வரிசை வரிசையாகக் கூழ்வத்தல்.

"எடு இதை."

"எங்க வைக்க? நேத்து கொட்டுன மழையில மாடியெல்லாம் தண்ணி. தெருவுல ஒரு வீட்டு வத்தல் தப்பல. இது ஒண்ணுதான் மிச்சம்."

சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.

அவர் பிளெக்ஸ் பேனரைத் தூக்கி வந்தார். 'பசுமைக்குடில்: பத்து நன்மைகள்.' ஓரத்தில் அவர் படம், கைகட்டியபடி. வத்தலுக்கு முன்னால் குறுக்கே இழுத்துக் கட்டினார்.

பத்து நன்மைகளும் வத்தலை மறைத்துக்கொண்டு நின்றன.

மணி பத்து.

வந்தார்கள். எட்டுப் பெண்கள், நாலு ஆண்கள். அவர் தொண்டையைச் செருமினார். ஒரு பேனாவும் திறக்கவில்லை. அவர் அஞ்சவில்லை. எத்தனை ஆய்வுக் கூட்டங்களைப் பார்த்த தொண்டை அது.

"முதல் நன்மை. வெப்பம் உள்ளேயே நிற்கும்."

எல்லாரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். நிரூபணம் ஆயிற்று.

"இரண்டாவது. மழை ஒரு சொட்டு உள்ளே வராது."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு, அரைமணி நேரத்தில், ஒரு வருடத்து வத்தலைக் கோடைமழை கரைத்துக்கொண்டு போயிருந்தது.

"மூன்றாவது. காகம், அணில், குரங்கு, எதுவும்..."

பின்வரிசையில் பேனர் லேசாக விலகியது. ஒரு கை உள்ளே போனது.

படக்.

காய்ந்த வத்தல் ஒடிகிற சத்தம் அது. ஈரம் துளி இருந்தாலும் அப்படிக் கேட்காது.

நான்காவது நன்மைக்குப் பேனாக்கள் திறந்தன.

அவர் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. குரல் தானாகப் பழைய உயரத்துக்கு ஏறியது.

எத்தனை மைக்ரான் என்று கேட்டார்கள். சொன்னார். வலைக்கண் எவ்வளவு என்று கேட்டார்கள். சொன்னார். காற்று எந்தப் பக்கம் வரும், தரை எத்தனை மணிக்குச் சூடேறும், வெல்டிங்காரர் நம்பர் என்ன. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். சிலர் அடிக்கோடு இட்டார்கள்.

காய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

"சார், கதவ இன்னும் ரெண்டடி அகலமா வெச்சா கட்டில் உள்ள போகும்ல?" என்றார் எதிர்வீட்டு அமுதா.

"தாராளமாகப் போகும்," என்றார் அவர்.

கட்டில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

பத்தாவது நன்மை முடிந்தபோது கைதட்டல் இரண்டு தெரு தாண்டிக் கேட்டது. கீழே திலகவதி எண்ணெய் காயவைக்கிற வாசனை மேலே வந்தது.

ஆடி பிறப்பதற்குள் அந்தத் தெருவில் மூன்று பசுமைக்குடில்கள் எழுந்தன. மூன்றுக்கும் ரிப்பன் வெட்டியவர் அவரே. மூன்றிலும் பத்து நன்மைகளையும் விடாமல் சொன்னார்.

ஒன்றிலும் செடி இல்லை.