பேஸ்மென்டில் ஒரு கன்று

உடுப்புத் தோய்க்க பேஸ்மென்டுக்கு இறங்கிய கமலாம்பிகை, மகனின் அறைக்கதவு திறந்து கிடப்பதைக் கண்டு எட்டிப் பார்த்தாள்.

யன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் கப். அதற்குள் ஒரு கன்று. விரல் விரித்த மாதிரி இலைகள், ஓரமெல்லாம் அரிவாள் பல்லு.

கனடாவில், ஸ்காபரோவில் இத்தனை காலம் இருந்தவளுக்கு அது என்னவென்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சா!

"தம்பி, என்னடா இது?"

துஷாந்த் பதறாமல் திரும்பினான். "அம்மா, லீகல்தானே. ஒரு வீட்டிலை நாலு கண்டு வைக்கலாம்."

"சட்டத்தை ஆர் கேட்டது? உதைப் பத்தப்போறியோ?"

"சீ, எனக்கு உந்த மணமே பிடிக்காது. வளருதோ எண்டு பாக்கிறன், அவ்வளவுதான்."

"எங்காலை வந்தது?"

"மூண்டு கிழமைக்கு முந்தி ஒருநாள் கதவடியிலை இருந்தது. இன்ஃபாஸ் வைச்சிட்டுப் போயிருப்பான். அவன்தான் உப்பிடிப் பகிடி விடுற ஃப்ரெண்ட். குப்பையிலை போடத்தான் பாத்தன். பிறகு பாவமாக் கிடந்தது."

தூக்கி எறியடா என்று சொல்ல கமலாம்பிகைக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

வேலை பறிபோன பிறகு அவன் இவ்வளவு கதைத்தது இன்றைக்குத்தான். குளிர்காலம் முழுக்க யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தவன். சோற்றுக் கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டு, அது காலியாகுமா என்று அவள் காத்திருந்த நாட்கள் எத்தனை! இன்றைக்குச் சீலை விலகியிருந்தது. தாடியும் வழித்திருந்தான்.

"அம்மா, பெரிய சாடி ஒண்டு இருக்கோ?"

"ஏன்?"

கப்பை உயர்த்தி அடியைக் காட்டினான். ஓட்டைகளுக்குள்ளால் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களே? வேர் வெளியிலை வந்திட்டுது. இலையும் கப்பை விட அகலமாப் போச்சு. காலமை ஊத்துற தண்ணி பின்னேரமே காய்ஞ்சு போகுது. இதுதான் மாத்திற டைம். முந்தி மாத்தினா, பெரிய சாடியிலை ஈரம் நிண்டு வேர் அழுகிப்போம். பிந்தினா வேர் சுத்திக்கொண்டு வளராது. எல்லாம் வாசிச்சனான்."

கதைப்பது கஞ்சாவைப் பற்றி. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கோ கண் கலங்கியது.

மேலே ஓடினாள். பனிக்குப் பட்டுப்போன கறிவேப்பிலையின் சாடியைக் கழுவி எடுத்து வந்தாள்.

"கொப்பர் வரமுதல் முடிப்பம், கெதியா."

துஷாந்தின் முகம் இறுகியது. "வந்தா வரட்டும். அவருக்கு நான் பயமில்லை."

அவளுக்குத்தான் பயம். கணவர் இரத்தினவேல் சாதாரண ஆளில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு முன்னால் நிற்பவர். மூலைக்கு மூலை கஞ்சாக்கடை வந்துவிட்டது என்று காணும் ஆட்களிடமெல்லாம் குமுறுபவர். மகனுக்கு வேலை போனபோது, "சும்மா இருந்து தின்னுறாய்" என்று ஒரு சொல் விட்டார். அன்றோடு தகப்பனும் பிள்ளையும் முகம் பார்ப்பதில்லை. அவர் வாங்கிக் கொடுத்த ஜாக்கெட்டைப் பனியிலும் துஷாந்த் தொடவில்லை.

கன்றின் தண்டை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, கப்பைக் கவிழ்த்து மெல்லத் தட்டினான். மண் உடையாமல் முழுசாகக் கையில் வந்தது. அதைச் சாடியில் இறக்கும் நேரம் பார்த்து, படியில் காலடிச் சத்தம்.

இரத்தினவேல் வாசலில் நின்றார்.

"என்ன நடக்குது இஞ்சை?"

துஷாந்த் வாய் திறக்குமுன் கமலாம்பிகை முந்திக்கொண்டாள். "மிளகாய்க் கண்டு. சாடி மாத்திறம்."

அவர் கன்றைப் பார்த்தார். மணிக்கட்டு வரை மண்ணாக நின்ற மகனைப் பார்த்தார்.

"மிளகாயோ... ம்."

திரும்பி மேலே போய்விட்டார்.

கமலாம்பிகைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அம்மா, மிளகாயாம்!" என்று துஷாந்த் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்! அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மேலே வந்து கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். இரத்தினவேல் படிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேர் அறாமல் மாத்தினவனோ?"

கேத்திலைக் கீழே வைத்தாள். "என்ன கேட்டனீங்கள்?"

"ஏதாவது ஒரு உயிரைப் பாக்கக் குடுத்தா அவன் எழும்புவான் எண்டு நினைச்சன். தக்காளிக் கண்டெண்டா திரும்பியும் பாத்திருக்கமாட்டான். அதுதான் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கடையிலை போய் விதை வாங்கினன். கோயில் ஆக்கள் ஒருத்தரும் காணக்கூடாதெண்டு பிள்ளையாரைத்தான் வேண்டினன். கராஜுக்குள்ளை லைற் போட்டு முளைக்க வைச்சு, அவன் நித்திரையாக் கிடக்கேக்கை கதவடியிலை வைச்சனான்."

கமலாம்பிகை அழுகையும் சிரிப்புமாகக் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு எழும்பி, படியை நோக்கி விறுவிறென்று நடந்தாள்.

"பொறுங்கோ, அவனிட்டை இப்பவே சொல்லிப்போட்டு வாறன்."

இரத்தினவேல் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஐயோ, சொல்லிப்போடாதையும்! நான் வைச்சதெண்டு தெரிஞ்சா தண்ணி ஊத்தமாட்டான்."